ஓர் ஆளைத் தூக்க எவ்வளவு நாளாகும்?

இந்த உடற்பயிற்சிக் கூடத்தில் புதிதாகப் பயிற்சியாளர்களாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதல் சில வாரங்கள் வகுப்பு தர மாட்டார்கள். வாசல் பக்கத்து மேசையில்தான் உட்கார வைப்பார்கள். உள்ளே மணி அடித்து, பாட்டு அலற, எல்லாரும் பெட்டிமேல் குதித்துக்கொண்டும் பளுவைத் தூக்கிக்கொண்டும் இருக்கும்போது, நீங்கள் மட்டும் வெளியே உட்கார்ந்து வருகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். எனக்கும் ஆரம்பத்தில் அது தண்டனை மாதிரிதான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றபின் இந்த வேலைக்கு வந்தவள் நான். மைதானத்தில் நின்று விசில் ஊதிப் பழகியவளுக்கு மேசை எப்படிப் பிடிக்கும்? இப்போது என் முழங்கால் இந்த வேலையிலிருந்தும் எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டது. திரும்பிப் பார்த்தால், இங்கே நான் செய்த உருப்படியான காரியங்களில் பாதி அந்த மேசையில்தான் தொடங்கியிருக்கிறது.

கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். "என் வயசுக்கு இதெல்லாம் தாங்குமா?" "முதல்ல வீட்ல இருந்தே கொஞ்சம் உடம்பத் தேத்திட்டு வாரேனே?" "ஆம்பளையளும் கூடவா செய்வாக?" "எல்லாரும் முடிச்சிட்டு நிக்கும்போது நான் மட்டும் கடைசியா முடிச்சா அசிங்கமா இருக்காதா?" உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒருவர் வந்து, "நான் பகல் முழுக்க வேர்த்துக்கிட்டுதான் இருக்கேன், இங்கன வந்து வேற வேர்க்கணுமா டீச்சர்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அவருக்கு வேண்டியிருந்தது வேர்வை இல்லை, முதுகு வலிக்காமல் குனிந்து நிமிர்வது. அதைச் சொன்னதும் சேர்ந்துகொண்டார். "வாந்தி வருமாமே, நிசமா?" என்று கேட்டால் சிரிக்காதீர்கள். "வரக்கூடாது. வந்தா அது எங்க தப்பு" என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

இந்தக் கூடத்தைத் தொடங்கியவர், நீங்கள் எல்லாரும் கோச் என்று கூப்பிடுகிறவர், மேசைக்கு முன்னால் ஒரு நல்ல நாற்காலி கட்டாயம் இருக்க வேண்டும் என்பார். "நின்னுக்கிட்டுக் கேக்கிறவங்க வாசலப் பாத்துக்கிட்டேதான் கேப்பாங்க டீச்சர். உட்கார வச்சிட்டா, மூணாவது கேள்விதான் அவங்க கேக்க வந்த கேள்வி." அதை நான் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரெஜினா வந்த பிறகுதான் அதன் அர்த்தம் புரிந்தது.

ரெஜினாவுக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். பெரியதாழையில் பிறந்து, மாப்பிள்ளையூரணிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். ஒரு சாயங்காலம் கையில் காய்கறிப் பையோடு வந்து நின்றாள். "இங்கன செருப்பு போட்டுக்கிட்டுச் செய்யலாமா, இல்ல ஷூதானா?" என்று கேட்டாள். ஷூதான் என்றேன். "சரி டீச்சரக்கா" என்று போய்விட்டாள். மறுநாளும் வந்தாள். சேலையோடு செய்யலாமா என்றாள். அடுத்த நாள், மழை பெய்தால் வகுப்பு உண்டா என்றாள். இப்படியே தினம் ஒரு கேள்வி. உட்காரச் சொன்னால் உட்கார மாட்டாள். அவள் தலை தெரிந்ததும், அப்போது வேலை பார்த்த பையன்கள், "இன்னைக்கு என்ன கேள்வின்னு சொல்லுங்க பாப்போம்" என்று பந்தயம் கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டதில் அவளால் கிளம்ப முடியவில்லை. வேறு வழியில்லாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளே ஒரு பெண் தரையில் கிடந்த பளுவை இடுப்பு வரை தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தாள். ரெஜினா கண் கொட்டாமல் அதைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"டீச்சரக்கா, ஒரு ஆளத் தூக்கணும்னா எவ்வளவு நாளாகும்?"

"ஆளையா? எந்த ஆள?"

"எங்க வீட்டு ஆளத்தான்."

அதற்குப் பிறகு அவள் நிறுத்தவில்லை. அவள் கணவர் மிக்கேல் தோணியில் தண்டலாக இருந்தவர். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகளை நடத்துகிற தலைவரைத்தான் இங்கே தண்டல் என்போம். சரக்கு இறக்கும்போது கால் தவறி தோணியின் வயிற்றுக்குள் விழுந்துவிட்டார். முதுகெலும்பில் அடி. உயிர் தப்பியது, கைகள் தப்பின. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. காலையும் மாலையும் பக்கத்து வீட்டு ஆண்கள் இருவர் வந்து அவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றி, கழிவறைக்குக் கொண்டுபோய், திரும்பக் கிடத்திவிட்டுப் போவார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் அவர்களுக்கும் வேலை இருந்தது. இடையில் தேவைப்பட்டால் கூப்பிடச் சங்கடம்.

"பகல்ல அவிய தண்ணியே குடிக்க மாட்டாவ அக்கா" என்றாள் ரெஜினா. "குடிச்சா போவணும்லா. கடல்லயே கிடந்த மனுசன், நாக்கு வறண்டு கிடக்காவ. ஒரு வாய் குடிங்கன்னா தாகமில்லங்காவ. எனக்குத் தெரியாதா?"

இந்த இடத்தில் ஒரு பயிற்சியாளருக்கு வரும் ஆசையை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். "ரெண்டே மாசம், நான் பாத்துக்கறேன்" என்று சொல்லத் தோன்றும். கண்ணில் நீர் நிற்கும் ஒருத்திக்கு முன்னால் அப்படிச் சொல்வது சுலபம். நான் சொல்லவில்லை. அவர் எடை எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன். "முன்ன நல்லா இருந்தாவ. இப்ப பாதிதான்" என்றாள். உனக்கு முதுகுவலி உண்டா, பிரசவம் எப்படி, ரத்த அழுத்தம் பார்த்தாயா என்று கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாள் கணக்கு என்னால சொல்ல முடியாது ரெஜினா. ஆனா நீ அவரத் தூக்குற நாள் வந்துட்டா, அது எனக்குத் தெரியும். அதுக்கு முந்தி தூக்க மாட்டேன்னு எனக்குச் சொல்லு" என்றேன். தலையாட்டினாள். மழை விட்டதும் காய்கறிப் பையை மறந்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் அவளை அழைத்துக்கொண்டு ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்கப் போனேன். நோயாளியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற ஒரு முறை இருக்கிறது, அது நம் பாடமில்லை. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்வதில் நமக்கு ஒரு குறைச்சலும் இல்லை. அந்தப் பெண் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். கால்களை எங்கே வைப்பது, எங்கே கட்டிப் பிடிப்பது, எப்போது நோயாளியையும் உந்தச் சொல்வது எல்லாவற்றையும். நான் அதை எங்கள் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். பளுவுக்குப் பதில் மணல் மூட்டை. மணல் மூட்டைக்குக் கைப்பிடி கிடையாது, ஒரு பக்கம் சரியும், உடம்பு போலவே கனக்கும்.

ரெஜினா பலசாலி இல்லை. ஓட்டத்தில் கடைசி, கயிறு தாண்டுவதில் கால் சிக்கும். பெட்டி மேல் குதிக்கவே மாட்டேன் என்று ஏறி ஏறி இறங்குவாள். ஆனால் நிதானமாக ஒரு முறை தூக்கி, இறக்கி, மூச்சு விட்டு, மறுபடி தூக்குவது என்றால் அவளை அசைக்க முடியாது. அவசரப்படுத்தினால்தான் முதுகு வளையும். மணிக்குள் முடிக்க வேண்டும் என்று கத்தினால் எல்லாம் தப்பாகப் போகும். அதனால் அவள் செய்யும்போது சுவரில் இருக்கும் கடிகாரத்துக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்வேன். உங்கள் வகுப்பில் யார் எந்த இடத்தில் உடைவார்கள் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். யார் எவ்வளவு தூக்கினார்கள் என்பதைவிட எனக்கு அதுதான் உதவியிருக்கிறது.

வீட்டில் அவள் இதைச் சொல்லவில்லை. சாயங்காலம் ஜெபக்கூட்டத்துக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தாள். தண்டல் நம்பியது போலத்தான் இருந்தார். ஒரு நாள் கட்டிலிலிருந்து சரிந்து தரையில் விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டில் ஆள் இல்லை. அந்த வாரம்தான் நான் அவளிடம், "இனி நீ தூக்கலாம்" என்று சொல்லியிருந்தேன். அவள் அவர் முன்னால் குத்த வைத்து, கட்டிப் பிடித்து, "எண்ணுங்க, மூணு சொல்லும்போது கைய ஊன்றுங்க" என்றாளாம். அவர் திகைத்துப்போய் எண்ணியிருக்கிறார். கட்டிலில் உட்கார்ந்தபின் மூச்சு வாங்கினாராம். பிறகு, "ஜெபக்கூட்டத்துக்கு எவளாச்சும் ஷூ போட்டுட்டுப் போவாளான்னு நானும் யோசிச்சுக்கிட்டேதான் கிடந்தேன்" என்றாராம். அன்று மதியம் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார் என்று அவள் என்னிடம் வந்து சொன்னாள். பையன்கள் பந்தயம் கட்டிய அதே மேசை முன்னால் நின்றுதான் சொன்னாள்.

இத்தோடு கதை முடிந்திருந்தாலும் நான் உங்களிடம் சொல்லியிருப்பேன். ஆனால் வெள்ளம் வந்தது.

அந்த மழையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வானம் விடியவே இல்லை. குளங்கள் உடைந்தன, ஆறு கரையைத் தாண்டியது, தெருவெல்லாம் ஒரே தண்ணீர்க்காடு. நான் குடியிருந்தது முதல் மாடி. கீழே என் ஸ்கூட்டரின் கண்ணாடி மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தது. முற்பகலில் ரெஜினாவின் அழைப்பு வந்தது.

"டீச்சரக்கா, வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டு. பக்கத்து வீட்டாளுவ நேத்தே புதுக்கோட்டைக்கு அவுக சொந்தக்காரவிய வீட்டுக்குப் போயிட்டாவ. தீயணைப்புக்குப் போன் போட்டேன். போட்டெல்லாம் போயிருக்கு, வரும், இருங்கன்னு சொல்லுதாவ."

"மெயின் ஆஃப் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்."

"தண்ணி எங்க நிக்கி?"

"முழங்காலத் தாண்டிட்டு. கட்டில் சட்டத்தத் தொடுது. பேசிக்கிட்டு இருக்கும்போதே ஏறுது அக்கா. மேல மொட்டை மாடில தகரக் கொட்டகை இருக்கு. கைப்பிடி இல்லாத வெளிப்படில ஏறிப் போவணும். அவிய என்னைய மட்டும் மேல போவச் சொல்லுதாவ." அவள் குரல் அங்கேதான் உடைந்தது. "போட்டு வந்ததும் தன்ன எடுத்துக்கிடுவாவளாம். நீ போளான்னு சொல்லுதாவ. நான் எப்பிடிப் போவேன்?"

அந்தப் போனைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற நேரத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்தேன். நீங்கள் எல்லாரும் இளவயதுக்காரர்கள். "உன்னால முடியும், தூக்கு!" என்று கத்துவது நம் தொழிலில் வாயில் தானாக வரும். அன்றைக்கு நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்குவது ஒரே ஒரு தூக்கு. இது கைப்பிடி இல்லாத, மழையில் நனைந்த வெளிப்படிக்கட்டு. நடுப்படியில் அவள் கால் வழுக்கினால் இரண்டு பேருமே போவார்கள். அப்படி நடந்தால் ஏறச் சொன்னவள் நான். இருக்கச் சொல்லி, படகும் வராமல், தண்ணீர் கட்டிலைத் தாண்டினால், அப்போதும் சொன்னவள் நான்தான்.

நான் எனக்குத் தெரிந்ததை மட்டும் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் ஏறுகிறது, அதில் சந்தேகமில்லை. படகு வருமா என்பது தெரியாது. ரெஜினாவால் ஒரே மூச்சில் ஓர் ஆளைப் படியேற்ற முடியாது, அதை நான் சத்தியம் செய்வேன். ஆனால் நிறுத்தி நிறுத்தித் தூக்கச் சொன்னால் அவள் நிறுத்தாமல் தூக்குவாள், அதற்கும் சத்தியம் செய்வேன். படிக்கட்டில் ஒவ்வொரு படியும் உட்காருகிற இடம்தானே.

"ஏளா, போன அவருகிட்ட குடு" என்றேன்.

மிக்கேல் தண்டலோடு நான் அதுவரை ஒரு முறைகூடப் பேசியதில்லை. அவர் குரல் நிதானமாக இருந்தது. "டீச்சர், நீங்க சொன்னா அவ கேப்பா. மேல போவச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணுமில்ல."

"அண்ணாச்சி, அவ போவ மாட்டா. நான் சொன்னாலும் போவ மாட்டா. அந்தப் பேச்ச விடுங்க. அவளால உங்களத் தூக்கிட்டு மாடிக்கு ஏற முடியாது. அதையும் விடுங்க. பாதி கனத்த நீங்க தூக்கணும், பாதிய அவ தூக்கணும். உங்க கையில இன்னும் பலம் இருக்கா இல்லையா?"

மழை இரைவது மட்டும் கேட்டது.

"கை இருக்கு டீச்சர்" என்றார்.

"அப்ப கேளுங்க. படிக்கு முதுகக் காட்டி, முதல் படில உக்காருங்க. ரெண்டு கையையும் மேல்படில ஊன்றுங்க. அவ உங்களுக்கு மேல ரெண்டு படி தள்ளி உக்காந்து, உங்க கக்கத்துக்குள்ள கைய விட்டு நெஞ்சோட கட்டிக்கிடுவா. நீங்க எண்ணணும். எண்ணுறது நீங்கதான், அவ இல்ல. நீங்க சொல்லும்போது நீங்க ஊன்றி எழும்பணும், அவ பின்னால இழுக்கணும். ஒரு படி. அவ்வளவுதான். அங்கன உக்காந்து ரெண்டு பேரும் மூச்சு வாங்கணும். அவ மூச்சு அடங்குற வரைக்கும் நீங்க அடுத்தத எண்ணக் கூடாது. அவ அவசரப்படுவா. நீங்கதான் பிடிச்சு நிறுத்தணும்."

"கால் ரெண்டும் தொங்குமே?"

"முட்டிக்கு மேலயும் கீழயும் துண்ட வச்சு ஒண்ணாக் கட்டிருங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். அடுத்து அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவே இல்லை. "கட்டில்ல இருந்து படி வரைக்கும் தூக்க வேண்டாம் டீச்சர். தண்ணிதான் இருக்கே. நான் மல்லாக்க மிதப்பேன், அவ தலைப் பக்கம் பிடிச்சு இழுத்துட்டுப் போவட்டும். கனமே இருக்காது." வீட்டுக்குள் வந்த வெள்ளத்தை அந்த மனிதர் பார்த்த விதம் எனக்குத் தோன்றியிருக்கவே இருக்காது. நான் படிக்கட்டைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன், கட்டிலிலிருந்து படி வரைக்கும் உள்ள தூரத்தை மறந்தே போனேன்.

போன் மறுபடி ரெஜினாவிடம் வந்தது. "கேட்டியா?"

"கேட்டேன் அக்கா."

"முதுக நேரா வச்சுக்கோ. கால்ல தூக்கு. இதுல மணியும் கிடையாது, கடிகாரமும் கிடையாது. எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல, மெதுவாப் போ. பாதில முடியலன்னா அந்தப் படிலயே உக்காந்திரு. தண்ணிக்கு மேல இருந்தாப் போதும்."

"மாதாவே" என்றாள். அதற்குப் பிறகு போன் துண்டித்துவிட்டது. திரும்ப அழைத்தேன். அணைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. அவளுக்கு சார்ஜ் இல்லாமல் போயிருக்க வேண்டும். ஊரில் யாருக்கும் கரண்ட் இல்லை.

அந்தப் பகலை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்கு விடாமல் அடித்து, அவள் வீட்டு அடையாளத்தைச் சொன்னேன். கோச்சுக்கு அடித்தேன். அவர் மீனவர்களிடம் வள்ளம் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். மற்ற நேரமெல்லாம் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு படி, மூச்சு, ஒரு படி, மூச்சு என்று மனசுக்குள்ளே ஏறிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நினைத்தும் என் மனசில் அந்தப் படிக்கட்டு முடியவே இல்லை. பாதியில் இருவரும் உட்கார்ந்திருப்பது போலவே தெரிந்தது. அப்புறம் அதுவும் தெரியாமல் போனது. சொன்னது சரிதானா என்று என்னை நானே கேட்கும்போதெல்லாம், சரிதான் என்று தோன்றியது. சரியாகச் சொல்லியும் இழக்கக்கூடும் என்பதும் தோன்றியது. இரண்டும் ஒன்றையொன்று அழிக்காமல் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. கடற்கரையிலிருந்து மீனவர்கள் தங்கள் ஃபைபர் வள்ளங்களை லாரியில் ஏற்றி ஊருக்குள் கொண்டுவந்திருந்தார்கள். கோச் ஒரு வள்ளத்தில் வந்து என்னைக் கூப்பிட்டார். அதை ஓட்டியவர் ஒரு தெருவையும் கேட்கவில்லை, மாடிகளையும் மின்கம்பங்களையும் பார்த்தே போனார். மாப்பிள்ளையூரணிப் பக்கம் நெருங்க நெருங்க நான் ஒவ்வொரு மொட்டை மாடியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ரெஜினாவின் வீட்டுக் கதவில் மேல் பாதி மட்டும் தெரிந்தது. சன்னல் வழியாகப் பார்த்தேன். கட்டில் தண்ணீருக்குள் இருந்தது. அதில் யாருமில்லை.

"ரெஜினா!" என்று கத்தினேன். பதில் இல்லை. கோச்சும் கத்தினார். வள்ளக்காரர் துடுப்பால் சுவரைத் தட்டினார்.

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேல் ஒரு தலை எட்டிப் பார்த்தது. தலைமுடி அவிழ்ந்து, கண் வீங்கி, தூக்கத்திலிருந்து எழுந்த முகம்.

"யாரு, டீச்சரக்காவா? ஏன் கத்துதிய, அவிய இப்பத்தான் கண்ண மூடிருக்காவ."

வள்ளத்துக்குள்ளேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோச் என் தோளைப் பிடித்துக்கொண்டார், இல்லாவிட்டால் தண்ணீரில் விழுந்திருப்பேன்.

நானும் கோச்சும் படியேறினோம். அந்தப் படிக்கட்டில் ஒவ்வொரு படியாகக் கால் வைக்கும்போது அது எவ்வளவு குறுகல் என்று தெரிந்தது. மேலே தகரக் கொட்டகைக்குள் ஒரு பாயில் தண்டல் படுத்திருந்தார். கால்கள் ஒரு பழைய சேலைத் துணியில் இன்னும் ஒன்றாகவே கட்டியிருந்தன. உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து, மஞ்சள் பூசியிருந்தது. நான் வந்த அரவத்தில் கண் விழித்தார்.

"உக்காருங்க டீச்சர்" என்றார். "பாதிப் படில இவ 'போதும், இங்கனயே இருப்போம்'னு சொன்னா. நான்தான் விடல. காலமெல்லாம் சரக்கு ஏத்தி இறக்குனவன் நான். பாதில விட்டுட்டு எந்தச் சரக்கையும் நான் வச்சதில்ல."

"பொய்" என்றாள் ரெஜினா. "அவியதான் பாதில அழுதாவ. நான்தான் எண்ணுங்க எண்ணுங்கன்னேன்."

அவர் மறுக்கவில்லை. யார் சொன்னது உண்மை என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

அதற்குப் பிறகுதான் கொட்டகையின் மூலையைக் கவனித்தேன். அங்கே அடுப்பு இருந்தது. அதற்குப் பக்கத்தில் கேஸ் சிலிண்டர்.

"இது எப்பிடி மேல வந்தது?"

ரெஜினா கொஞ்சம் வெட்கப்பட்டாள். "அவிய மேல வந்த பிறகு எனக்குப் பயம் போயிட்டு அக்கா. கீழ இறங்கிப் பாத்தேன், சிலிண்டர் மிதந்துக்கிட்டு கிடந்துச்சு. வீணாப் போவுமேன்னு தூக்கிட்டு வந்துட்டேன். அதுக்குக் கைப்பிடி இருக்கு பாத்தியளா, இவியளவிட லேசு." பிறகு எங்கள் மூவரையும் பார்த்தாள். "பால் இல்ல. வரக்காப்பி போடட்டா?"

கீழே வள்ளம் காத்திருந்தது. அடுத்த தெருவில் வேறு யாரோ கையசைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கோச் என்னைப் பார்த்தார். "நான் அங்க போய் ஏத்திட்டு வாரேன் டீச்சர், நீங்க குடிச்சிட்டு இருங்க" என்று இறங்கிப் போனார்.

சுற்றிலும் தண்ணீர் வெயிலில் மின்னியது. ஊர் முழுக்க மொட்டை மாடிகள் மட்டும் தீவுகள் மாதிரி நின்றன. ரெஜினா அடுப்பைப் பற்ற வைத்தாள். முதல் நாள் காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது காப்பி வாசனை மூக்கில் ஏறியபோதுதான் தெரிந்தது. முதல் டம்ளரை எனக்குத்தான் நீட்டினாள். வாங்கினேன், பாதி கீழே சிந்தியது. அவள் ஒன்றும் சொல்லாமல் டம்ளரை என் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், நான் குடித்து முடிக்கும் வரை.